டெனிஸ் கில்மார்ட்டினின் முழங்கால்

"கூடவே இருக்கே, ஒரே வீட்டுச் சோறு சாப்பிடறே, அப்பா எந்த வருஷம் யாரோட ஆடினார்னு ஒரு வார்த்தை தெரியாதா உனக்கு?"

இது எங்கள் அண்ணன் கேட்டது. நீங்க பெல் அடித்தபோது போனில் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை, ஒரு எழுத்து மாறவில்லை. நானும் சும்மா விடவில்லை. "ஏன், நீங்களும் அவர் பெத்த பிள்ளைதானே, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "நான் பதினெட்டு வயசுலயே பரோடாவுக்கு வந்தவன், கமலா" என்கிறார். அந்தப் பதினெட்டு வயது வரைக்கும் எங்கே இருந்தாராம்? குன்னூரில்தானே, என் பக்கத்துப் பாயில்தானே?

உட்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இப்படி வாங்க. காபிக்குச் சர்க்கரை போடலாம் இல்லையா? இப்போதெல்லாம் வருகிறவர்களைக் கேட்டுத்தான் போட வேண்டியிருக்கிறது.

நீங்க போனில் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன், தப்பிருந்தால் திருத்துங்க. உங்கள் கால்பந்துச் சங்கத்துக்கு வைர விழா. ஸ்டேடியத்து வாசலில், நம் மாநிலத்திலிருந்து இந்தியாவுக்கு ஆடினவர்கள் பேரையெல்லாம் கல்லில் வெட்டி வைக்கப் போகிறீர்கள். ஐம்பதுகளில் ரங்கூனில் நடந்த ஒரு ஆட்டத்துக்கு நம் ஊர் ஆள் ஒருவர் போயிருக்கிறார். பழைய பேப்பரில் 'முனிரத்தினம், மெட்ராஸ்' என்று மட்டும் போட்டிருக்கிறான், இனிஷியல் இல்லை. எங்கள் அப்பா பேரும் முனிரத்தினம். பெரம்பூரில் ரயில்வேயில் இருந்து காலமான ஒருத்தர் பேரும் முனிரத்தினம். இரண்டு பேருமே அந்தக் காலத்தில் மெட்ராஸ் டீமில் ஆடினவர்கள். ஒரு கல்லில் ஒரு முனிரத்தினம்தான். சரிதானே? அது எங்கள் அப்பாதான் என்று காட்ட என்னிடம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறீர்கள்.

பெரம்பூர்க்காரருடைய பையன் வக்கீலாமே. போதாதா? அவங்க அப்பா போய்விட்டார், பையன் பேசுகிறான். எங்கள் அப்பா இருக்கிறார், அதோ அந்த ரூமில்தான் இருக்கிறார், ஆனால் பேச்சு போய்விட்டது. போன ஐப்பசியில் ஸ்ட்ரோக் வந்தது. வலது கையும் போச்சு, வாயும் போச்சு. நாம் சொல்வது அவருக்குப் புரிகிறதா இல்லையா என்று டாக்டரைக் கேட்டால், "புரியலாம், புரியாமலும் இருக்கலாம்" என்கிறார். அதைச் சொல்ல எம்.டி. எதுக்கு?

இல்லை சார், அப்பா எதையும் சொன்னதில்லை. அதுதான் என் கோபமே. கேட்டால்தானே சொல்வார் என்று அண்ணன் நியாயம் பேசுகிறார். ஏன், சிஸ்டர் ஃபின்பாரை நாங்கள் யாராவது கேட்டோமா? கேட்காமலேயே சொல்லவில்லையா?

சிஸ்டர் ஃபின்பார் எங்கள் கான்வென்ட்டில் ஜியாகரபி எடுத்தவர். அயர்லாந்துக்காரர், கார்க் என்று ஒரு ஊர். அவருடைய தம்பி டெனிஸ் கில்மார்ட்டின். கேள்விப்பட்டதில்லையா? கால்பந்துச் சங்கத்தில் இருக்கிறீர்கள், டெனிஸ் கில்மார்ட்டினைத் தெரியாதா? அயர்லாந்துக்கு லெஃப்ட் ஹாஃப் ஆடினவர் சார். அவங்க அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். டெனிஸ் வெண்ணெய் பாக்டரியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் பின்னாலிருக்கிற மைதானத்தில் ஆடும்போது இங்கிலாந்து கிளப்பு ஆள் ஒருத்தர் பார்த்துவிட்டார். அடுத்த மாதமே அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார். முதல் சர்வதேச ஆட்டம் போர்ச்சுகலில். ஒரே வெயில், இடைவேளையில் வாந்தி எடுத்தார், திரும்ப வந்து ஆடினார். அப்புறம் அந்த இரண்டு அயர்லாந்து விஷயம். உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே. ஒரே தீவில் இரண்டு சங்கம், இரண்டுமே நாங்கள்தான் அயர்லாந்து என்று சொல்லி டீம் அனுப்பிக்கொண்டிருந்தது. டெனிஸை இரண்டு பேரும் கூப்பிட்டார்கள், அவர் இரண்டுக்கும் ஆடினார். சிஸ்டர் போர்டில் தீவை வரைந்து குறுக்கே ஒரு கோடு போட்டு, "என் தம்பிக்கு மட்டும் இந்தக் கோடு கிடையாது, கேர்ள்ஸ்" என்பார். பெல்ஃபாஸ்டில் ஸ்காட்லாந்துக்கு எதிராகத் தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு, அந்தக் கட்டாலேயே முட்டி ஒரு கோல். டப்ளினில் ஒரு பெனால்டியை வெளியே அடித்துவிட்டார். அதைச் சொல்கிறபோதெல்லாம் சிஸ்டர் எங்களை ஒரு நிமிஷம் கண்ணை மூடி உட்காரச் சொல்வார். நாங்களும் மூடுவோம். பருத்தி விளையும் மாவட்டங்கள் பாதியில் நிற்கும்.

போர்டுக்குப் பக்கத்தில் அயர்லாந்து டீம் ஃபோட்டோ ஒன்று மாட்டியிருக்கும். பின் வரிசையில் டெனிஸ், லேசாகச் சாய்ந்துகொண்டு, காது இரண்டும் விடைத்து. இன்றைக்கு நூறு அயர்லாந்துக்காரர்களை வரிசையாக நிறுத்துங்க, கண்ணைக் கட்டிவிட்டாலும் டெனிஸ் மேல் கை வைப்பேன்.

என்ன கேட்டீர்கள்? ஆமாம், அப்பா ஆடுவார் என்று தெரியும், தெரியாமல் என்ன. அருவங்காட்டில் அவர் வேலை பார்த்த வெடிமருந்து பாக்டரி கிரவுண்டில் ஞாயிற்றுக்கிழமை ஆடுவார். ஆனால் அது வேறே, டெனிஸ் ஆடினது வேறே. டெனிஸுக்கு பூட்ஸ் உண்டு, ஜெர்சி உண்டு. அப்பாவும் அவர் கூட்டாளிகளும் கணுக்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு ஓடுவார்கள். சேற்றோடு வீட்டுக்கு வருவார், வாசலிலேயே நிறுத்தி அம்மா தண்ணீர் ஊற்றுவாள். பூட்ஸ் போடாமல் ஆடுகிறது எப்படி சார் இன்டர்நேஷனல் ஆகும்? அப்போதெல்லாம் நம் ஆட்கள் இந்தியாவுக்கே அப்படித்தான் ஆடினார்களா? நீங்க இப்போது சொல்கிறீர்கள். அன்றைக்கு யாராவது வந்து சொன்னீர்களா?

போன் அடிக்கிறது, அண்ணன்தான். அடிக்கட்டும்.

சாமான் ஒன்றும் இல்லை சார், தேடிப் பார்த்துவிட்டேன். அம்மாவிடம் ஒரு அரக்குப் பெட்டி இருந்தது, ரங்கூன் பெட்டி என்பாள். பெரம்பூரிலும் ஒன்று இருக்கிறதா? இருக்கும். பர்மாவிலிருந்து வந்த சனம் மெட்ராஸில் தெருவுக்குத் தெரு அந்தப் பெட்டியை விற்றது. சரி, அது வேண்டாம்.

கோட்டு ஒன்று இருந்தது. கருநீலக் கோட்டு, பித்தளைப் பொத்தான். நான் ஆறாம் வகுப்புக்குப் போனபோது, பிளேசர் இல்லாமல் யாரும் அசெம்பிளியில் நிற்கக் கூடாது என்று கான்வென்ட்டில் சட்டம் போட்டார்கள். குன்னூர்க் குளிருக்கு அது தேவையும்தான். புதிதாகத் தைக்க எங்கள் வீட்டில் எங்கே முடியும்? அம்மா ட்ரங்குப் பெட்டியைத் திறந்து அப்பாவின் கோட்டை எடுத்தாள். அப்பா என்ன சொன்னாரா? கத்தரிக்கோல் மொட்டையாக இருக்கிறது என்று சொல்லி, சாணை பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா கையைச் சுருக்கி, தோளைச் சுருக்கி, மார்பில் இருந்த பேட்ஜைப் பிரித்துவிட்டு கான்வென்ட் பேட்ஜை வைத்துத் தைத்தாள். எனக்குப் பொருந்தவே இல்லை. தோள் இரண்டு பக்கமும் தொங்கும். கழுத்தெல்லாம் அரிக்கும். "கமீலா, யார் கோட்டு அது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். சிஸ்டர் எனக்கு வைத்த பேர் கமீலா. நாலு வருஷம் அதைப் போட்டுக்கொண்டுதான் டெனிஸ் கதை கேட்டேன்.

பிரித்த பேட்ஜா? கெட்டித் துணியாக இருந்தது. அம்மா அதை உள்ளே வைத்து, மேலே பழைய சீலைத் துணி போட்டு, பிடிதுணி தைத்துவிட்டாள். சோற்றுப் பானை இறக்க அவ்வளவு வசதியான பிடிதுணி அப்புறம் எங்களுக்கு வாய்க்கவில்லை. அதில் என்ன போட்டிருந்தது என்றால், சிங்கம் போட்டிருந்தது. பாக்டரி கவர்மெண்டுடையதுதானே, பாக்டரியில் கொடுத்த கோட்டு என்று நினைத்தேன். கவர்மெண்ட் கொடுக்கிற எல்லாவற்றிலும் சிங்கம் இருக்கும்தான். நீங்களே அப்படித்தானே சொல்கிறீர்கள். பின்னே அதைச் சொல்லி என்ன பிரயோஜனம்? ஏன் சார் இப்படி என்னைப் பார்க்கிறீர்கள்? பத்து வயதில் எனக்கு என்ன தெரியும்?

காபி ஆறுகிறது, குடியுங்க.

டெனிஸ் ஆட்டத்தை விட்டப்புறம் சைக்கிள் கடை வைத்தார். முழங்கால் போய்விட்டது, ஆபரேஷன் என்றார்கள். சிஸ்டர் அழுதுவிட்டார். அந்த வருஷம் லென்ட் தவக்காலம் முழுக்க எங்கள் வகுப்பு டெனிஸின் முழங்காலுக்காக ஜெபமாலை சொன்னது. இந்து, முஸ்லிம், படகர் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும்தான். வீட்டிலும் சொல்ல வேண்டும் என்று கட்டளை. எனக்கு வீட்டில் எங்கே நேரம்? சாயங்காலமானால் அப்பாவுக்கு வெந்நீர் ஊற்றுகிற வேலை எனக்கு. ஷிப்ட் முடிந்து வந்து முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து காலை நீட்டுவார், முழங்கால் பப்பாளிப் பழம் மாதிரி வீங்கியிருக்கும். உப்புப் போட்ட வெந்நீரை நான் சொம்பில் மொண்டு மொண்டு மெதுவாக ஊற்ற வேண்டும். ஆவியில் என் கைதான் வேகும். சரி, இந்த நேரத்தை வீணாக்குவானேன் என்று ஊற்றிக்கொண்டே டெனிஸுக்கு ஜெபமாலை சொல்லிவிடுவேன். அப்படி இரண்டு வேலையையும் ஒன்றாக முடிக்கிற சாமர்த்தியம் எனக்குச் சின்ன வயதிலேயே உண்டு.

அப்பா ஒருநாள் கேட்டார், "யாருக்கும்மா முழங்கால்?"

"சிஸ்டரோட தம்பிக்கு. அயர்லாந்துக்கு ஆடினவர்."

"உள்பக்கம் வலியா, வெளிப்பக்கம் வலியா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டுட்டு வாம்மா. உள்பக்கம்னா ஒரு மாதிரி, வெளிப்பக்கம்னா ஒரு மாதிரி."

"போங்கப்பா. இதையெல்லாம் சிஸ்டர்கிட்ட கேட்க முடியாது."

நான் கேட்கவில்லை. பார்த்தார், ஒரு சனிக்கிழமை அவரே வந்துவிட்டார். காக்கிச் சட்டை, கழுத்தில் மஃப்ளர், மங்கி குல்லாயைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கையில் நீலகிரித் தைலம் ஒரு பாட்டில். கான்வென்ட் வராண்டா. பிள்ளைகளெல்லாம் கைப்பிடிச் சுவரில் தொங்கிக்கொண்டு பார்க்கிறார்கள். சிஸ்டரிடம் கையைக் கூப்பிவிட்டு, முழங்காலைத் தொட்டுக் காட்டி இங்கிலீஷில் ஆரம்பித்தார்.

"சிஸ்டர், பிரதர் நீ... இன்சைட் பெயின்? அவுட்சைட் பெயின்?"

எனக்கு அந்த வராண்டா அப்படியே பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது. சிஸ்டருக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் யோசித்து, "இன்சைட், ஐ திங்க்" என்றார். அப்பா அந்த வராண்டாவிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார் சார். தன் பேண்டைச் சுருட்டி, தன் முழங்காலிலேயே காட்டுகிறார். இங்கே தேய்க்கணும், கீழேயிருந்து மேலே, மேலேயிருந்து கீழே கூடாது, அப்புறம் ஃபிளானல் துணி. "நோ வாக்கிங், சிஸ்டர், டென் டேஸ். ப்ளீஸ்." நான் குல்லாயைப் பிடித்து இழுத்து, "போதும் வாங்கப்பா" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டே நடந்தார்.

சிஸ்டர் நல்லவர். லீவில் ஊருக்குப் போன இன்னொரு சிஸ்டர் கையில் அந்தப் பாட்டிலைக் கொடுத்தனுப்பினார். ஐந்தாறு மாதம் கழித்து டெனிஸிடமிருந்து பதில் வந்தது. வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னார். தைலம் ரொம்ப நன்றாகக் கேட்டதாம். "டெல் த ஜென்டில்மேன், அவர் கேட்ட கேள்வியை இங்கே டாக்டர்கள்கூட யாரும் கேட்கவில்லை. ஆடினவன்தான் அப்படிக் கேட்பான். அவர் ஆடுவாரா?" என்று கேட்டிருந்தாராம். சிஸ்டர் என்னைப் பார்த்தார். "கமீலா, டஸ் யுவர் ஃபாதர் ப்ளே?"

நான் எழுந்து நின்று பளிச்சென்று சொன்னேன். "நோ, சிஸ்டர். ஹி ஒர்க்ஸ் இன் த ஃபாக்டரி."

அதில் என்ன தப்பு? பாக்டரியில்தானே வேலை பார்த்தார். சேற்றில் ஓடினதையெல்லாம் டெனிஸிடம் போய்ச் சொல்லவா?

அப்பாவிடம் சொன்னேன், சொல்லாமல் இல்லை. "தைலம் நல்லா இருந்துச்சாம்" என்றேன். "நடக்கிறாராமா?" என்று கேட்டார். "நடக்கிறாராம்." "அது போதும்" என்றார். அவ்வளவுதான்.

நான் பி.யூ.சி. சேர்ந்த வருஷம் டெனிஸ் இறந்துவிட்டார். மாரடைப்பு. கான்வென்ட் சாப்பலில் பூசை வைத்தார்கள், பழைய மாணவிகளும் போனோம். நான் வந்து அப்பாவிடம் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கிரவுண்டுக்குப் போகவில்லை, முற்றத்திலேயே உட்கார்ந்திருந்தார். காய்ச்சலோ என்னவோ, நான் கேட்கவில்லை. அவரும்தான் சொல்லவில்லையே. இதைத்தான் சார் நான் அண்ணனிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வாயைத் திறந்து, "நானும் ஆடினவன்தான், ரங்கூன் போனவன்தான்" என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருந்தால் இன்றைக்கு நான் இப்படி முழிப்பேனா? உங்கள் எதிரே உட்கார்ந்து, கார்க் துறைமுகத்திலிருந்து சைக்கிள் கடை வரைக்கும் ஒப்பிக்கிறேன். எனக்கே தெரிகிறது, நீங்க இத்தனை நேரமாக ஒரு வரிகூட எழுதிக்கொள்ளவில்லை.

பையில் என்ன? ஃபோட்டோவா? முதலிலேயே காட்டியிருக்கலாமே சார். கல்கத்தாவில் கிடைத்ததா? ரங்கூன் ஆட்டத்துக்கு முன்னால் எடுத்ததா? கொடுங்க, கண்ணாடி போட்டுக்கொள்கிறேன்.

பதினோரு பேர். அரை டிராயர், நெஞ்சில் கை கட்டிக்கொண்டு. பேப்பரில் வந்ததை எடுத்து நகல் போட்டிருக்கிறார்கள், ஒரே புள்ளி புள்ளியாக இருக்கிறது. ஒவ்வொருத்தரும் இருபது இருபத்திரண்டு வயது. நான் பிறப்பதற்கு முன்னால். எனக்குத் தெரிந்த அப்பாவுக்குத் தலையில் குல்லா இருக்கும், கழுத்தில் மஃப்ளர் இருக்கும், முன்வழுக்கை இருக்கும். இங்கே எல்லோருக்கும் சுருட்டை முடி. கல்யாண ஃபோட்டோ இல்லை சார், அரக்கோணத்தில் கோயிலில் வைத்துத் தாலி கட்டினது, யார் எடுத்தார்கள்.

பெரம்பூர் வக்கீல் பார்த்ததும் விரலை வைத்துவிட்டானா? யோசிக்கவே இல்லையா? எந்த ஆள் மேல் வைத்தான்? சொல்ல மாட்டீர்கள். சரி, சொல்ல வேண்டாம், அதுதான் முறை.

இவர்தான். பாருங்க, இந்தக் கடைசியில் நிற்கிறவர். அண்ணனுடைய நெற்றி அப்படியே இருக்கிறது. இவர்தான், எழுதிக்கொள்ளுங்க.

கோல்கீப்பரா? வங்காளியா? பேர்கூடத் தெரியுமா?

அப்படியானால் இவராக இருக்கும். இல்லை, இவர். கொஞ்சம் இருங்க சார், அவசரப்படுத்தாதீங்க. இந்த உட்கார்ந்திருக்கிறவர் மூக்கு என் மூக்கு மாதிரி இல்லை? மாதிரி இருக்கிறது என்றால் கல்லில் வெட்டுவீர்களா? மாட்டீர்கள். நீங்க என்ன செய்வீர்கள், உங்கள் மேல் தப்பில்லை.

எழுந்திருக்காதீங்க. இல்லை, எழுந்திருங்க, என்கூட உள்ளே வாங்க. செருப்போடு வரலாம், பரவாயில்லை.

அப்பா. அப்பா, இங்கே பாருங்க. மெட்ராஸிலிருந்து வந்திருக்கார், ஃபுட்பால் ஆள். உங்களைப் பார்க்கத்தான் வந்திருக்கார். சார், அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்க, ஃபோட்டோ படபடக்குது. தலையணையை ஏத்தி வைக்கிறேன்ப்பா. ஜன்னலைப் பார்க்காதீங்க, இதைப் பாருங்க. ரங்கூன்ப்பா. பதினோரு பேர் இருக்கீங்க. இதில் நீங்க எது? உங்க இடது கைதான் நல்லா இருக்கே, ஒரு விரல் போதும். நான் அட்டையைப் பிடிச்சுக்கறேன். கிட்ட கொண்டுவரவா? இது போதுமா? ஆளைக் காட்ட வேண்டாம், கண்ணை மூடித் திறங்க, நான் ஒவ்வொருத்தரா விரலை வைக்கிறேன், உங்க மேல வரும்போது ஒரு தடவை மூடித் திறங்க. இவரா? இவரா, அப்பா? இந்தப் பக்கத்தில் இருக்கிறவரா? என்னைப் பார்க்காதீங்கப்பா, ஃபோட்டோவைப் பாருங்க. சொல்லுங்க. இதில் நீங்க எங்கே நிக்கறீங்க?